மூன்றாண்டுத் திட்டத்தை யார் எழுதுவது: ஆலோசகரா, செயலவையா, பணிக்குழுவா?

"நம் சங்கத்துக்கு ஒரு மூன்றாண்டுத் திட்டம் வேண்டும்" என்ற தீர்மானம் செயலவைக் கூட்டத்தில் எளிதாக நிறைவேறிவிடும். எதிர்த்து யாரும் கை தூக்குவதில்லை. அடுத்த கேள்வியில்தான் கூட்டம் நிற்கும். அதை யார் எழுதுவது?

சிங்கப்பூரில் உள்ள சிறிய, நடுத்தரத் தமிழ் அமைப்புகளில் இந்தக் கேள்விக்கு வழக்கமாக மூன்று பதில்கள் வரும். பணம் கொடுத்து ஆலோசகரை அமர்த்தலாம். செயலவை உறுப்பினர்கள் ஒரு வாரயிறுதி முழுக்க உட்கார்ந்து தாங்களே எழுதலாம். அல்லது செயலவைக்கு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் சிலரைச் சேர்த்துப் பணிக்குழு ஒன்றை அமைத்து நான்கைந்து மாதம் அவகாசம் கொடுக்கலாம். சம்பளம் வாங்கும் ஊழியர் இல்லாத, அல்லது ஒருவர் இருவர் மட்டுமே இருக்கும் அமைப்புக்கு மூன்றாவது வழிதான் சரி என்பது என் கருத்து. பல ஆண்டுகள் செயலவை மேசையில் உட்கார்ந்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். ஆனால் அது எல்லாருக்கும் பொருந்தாது. முதல் வழியே சரியாக இருக்கும் சூழல்களும் உண்டு, அவற்றையும் எழுதுகிறேன்.

அதற்கு முன், திட்டம் என்பது விருப்பப்பட்டால் செய்துகொள்ளும் ஒன்றா, கடமையா என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

யாருக்குக் கடமை

சங்கங்களின் பதிவகத்தில் பதிந்த எல்லாச் சங்கமும் அறநிறுவனம் ஆகிவிடாது. அறநிறுவனமாகத் தனியே பதிவு செய்தவற்றுக்கு அறநிறுவன ஆணையர் இருக்கிறார், அறநிறுவனச் சட்டம் இருக்கிறது, அறநிறுவனங்களுக்கான ஆளுகை நெறிமுறையும் இருக்கிறது. அந்த நெறிமுறை 2007இல் முதலில் வெளிவந்தது. பிறகு 2011, 2017, 2023 ஆண்டுகளில் திருத்தப்பட்டது. இப்போது நடப்பில் உள்ள 2023 வடிவம் 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்குப் பொருந்துகிறது.

அதில் முதல் கோட்பாடே அமைப்பு தன் நோக்கத்துக்குப் பணிசெய்து இலக்கை எட்டுவதைப் பற்றியது. நோக்கத்தை அடைய உத்தித் திட்டம் வகுக்க வேண்டும், அதை நடைமுறைப்படுத்த வேண்டும், வாரியம் (சங்கமானால் செயலவை) அதைத் தொடர்ந்து பரிசீலிக்க வேண்டும் என்று அதன்கீழ் வருகிறது. "கடைப்பிடி, இல்லையேல் விளக்கு" என்பதே அதன் முறை. திட்டம் இல்லாவிட்டால் அபராதம் வந்துவிடாது. ஏன் இல்லை என்று ஆளுகை மதிப்பீட்டுப் பட்டியலில் எழுத வேண்டும், அது அறநிறுவன இணையவாசலில் பொதுமக்கள் பார்வைக்கும் போகும். ஆண்டு வரவோ செலவோ 50,000 வெள்ளி முதல் 500,000 வெள்ளிக்குள் இருந்தால் முதல் பிரிவு, சற்றே எளிய பட்டியல். அதற்கு மேல் போனாலோ ஐபிசி (கொடையாளருக்கு வரிக்கழிவு கிடைக்கச் செய்யும் பொதுநல அமைப்பு) தகுதி பெற்றிருந்தாலோ இரண்டாம் பிரிவு.

ஆகவே அறநிறுவனமாகப் பதியாத ஒரு கலைக்குழுவுக்கு இது சட்டக் கடமை ஆகாது. அதற்கும் திட்டம் தேவை என்று நான் சொல்வதன் காரணம் வேறு. வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன குடியிருப்பாளர்களின் விகிதம் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடாக இருந்தது. 2020இல் 2.5 விழுக்காடு. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காட்டுக்கு ஏறியது. 2030 வாக்கில் சிங்கப்பூரர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதைக் கடந்தவராக இருப்பார் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. தமிழில் நிகழ்ச்சி நடத்தும் எந்த அமைப்புக்கும் இந்த எண்கள்தான் முதல் பக்கம். போன வருடம் செய்ததையே இந்த வருடமும் செய்தால், அரங்கத்தில் நாற்காலிகள் எந்தப் பக்கத்திலிருந்து காலியாகும் என்று இவை சொல்கின்றன.

ஆலோசகரை அமர்த்துவது

இந்த வழியின் பெரிய பலம் வெளியாள் என்பதுதான். சங்கத்தை நிறுவிய மூத்தவர் முன்னால், "ஐயா, நீங்கள் தொடங்கிய அந்தப் போட்டிக்கு இப்போது பிள்ளைகள் வருவதில்லை" என்று சொல்ல நம்மில் பலருக்கு நா எழாது. அவர் கையால் பரிசு வாங்கி வளர்ந்தவர்களாக இருப்போம். ஆலோசகருக்கு அந்தத் தயக்கம் இல்லை. உறுப்பினர்களும் அவரிடம் தனியாகப் பேசும்போது கூட்டத்தில் சொல்லாததைச் சொல்வார்கள். விலகிப்போன உறுப்பினர் ஏன் விலகினார் என்பது பெரும்பாலும் இப்படி ஒரு வெளியாளின் நேர்காணலில்தான் வெளிவரும்.

செலவுக்கும் கைகொடுக்க ஆள் உண்டு. பதிவுபெற்ற அறநிறுவனங்களின் திறன் வளர்ச்சிக்காக உள்ள அறநிறுவனத் திறனாற்றல் நிதி ஆலோசனைச் செலவிலும் ஒரு பங்கை ஏற்கிறது. சமூக சேவைத் துறையில் இருப்பவர்கள் தேசிய சமூக சேவை மன்றத்தையும் கேட்டுப் பார்க்கலாம். எதுவானாலும் ஆலோசகரிடம் கையெழுத்திடுவதற்கு முன்பே நிதியின் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

இனி மறுபக்கம். ஆலோசகரின் விலைப்பட்டியலில் வராத செலவு ஒன்று இருக்கிறது. அது நம் நேரம். அவர் கேட்கும் மூன்றாண்டுக் கணக்கு, நிகழ்ச்சிவாரியாக வருகை எண்ணிக்கை, உறுப்பினர் பட்டியலின் வயதுப் பிரிவு ஆகியவற்றை எடுத்துக் கொடுக்கப்போவது நம் செயலாளரும் பொருளாளரும்தான். அந்த வேலையை முடித்துவிட்டால் திட்டத்தில் பாதி முடிந்தது. மீதிப் பாதி, எதை விடுவது என்ற முடிவு. அதை எந்த ஆலோசகரும் நமக்காக எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது.

அறிக்கை ஆங்கிலத்தில், அறுபது எழுபது பக்கத்தில் வரும். சங்கத்தின் முதுகெலும்பாக இருக்கும் மூத்த உறுப்பினர்கள் அதைப் புரட்டிவிட்டு மூடிவைப்பார்கள். நேர்காணலும் ஆங்கிலத்தில் நடந்திருந்தால் அவர்கள் சொல்ல நினைத்ததில் பாதி அதில் இருக்காது. இதனால் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு, ஏனென்றால் இந்த அமைப்புகள் எப்படி உயிர்பிழைத்தன என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எந்தப் பஞ்ச காலத்தில் யார் வாடகை கொடுத்தார், எந்த நிகழ்ச்சி எதற்காகத் தொடங்கியது, எந்த இரண்டு அமைப்புகள் ஏன் சேர்ந்து வேலை செய்வதில்லை என்பதெல்லாம் ஆவணத்தில் இல்லை, அவர்கள் நினைவில் இருக்கிறது. ஆலோசகரை அமர்த்துவதானால் நேர்காணல்களைத் தமிழிலும் நடத்தக்கூடியவர் குழுவில் ஒருவராவது இருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாகவே வையுங்கள். இறுதியில் பொதுக்கூட்டத்தில் வாசிக்கத் தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

செயலவை உறுப்பினரே ஆலோசனைத் தொழிலில் இருப்பவராக இருந்து, "நானே குறைந்த கட்டணத்தில் செய்து தருகிறேன்" என்று முன்வருவதும் உண்டு. நல்லெண்ணம்தான். ஆனாலும் அவர் தம் நலத் தொடர்பை எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்த முடிவு எடுக்கப்படும்போது அறையைவிட்டு வெளியே இருக்க வேண்டும். வேறு இரண்டு விலைப்புள்ளிகளாவது வாங்கியிருக்க வேண்டும். இதெல்லாம் கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும். நண்பர் என்பதால் இதைத் தவிர்த்தால், பின்னால் பழி விழுவது அந்த நண்பர்மீதுதான்.

எப்போது இந்த வழி சரி? ஆண்டு வரவு செலவு அரை மில்லியன் வெள்ளியைத் தாண்டி, ஊழியர்கள் இருக்கும்போது. இரண்டு அமைப்புகள் இணைவதைப் பற்றிப் பேசும்போது. எதிர்பாராத பெரிய கொடை ஒன்று வந்து அதை எப்படிப் பயன்படுத்துவது என்ற கேள்வி எழும்போது. சங்கமாக இருப்பதா, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனமாக (பங்குதாரர் இல்லாமல் உறுப்பினர்களின் உத்தரவாதத்தில் இயங்கும் நிறுவனமாக) மாறுவதா என்று யோசிக்கும்போது. எல்லாவற்றுக்கும் மேலாக, செயலவைக்குள் இரு அணி இருந்து ஒரு அணி அமைக்கும் பணிக்குழுவை மற்றது நம்பாத நிலையில். அங்கே நடுநிலையான வெளியாளுக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

செயலவை, ஒரு வாரயிறுதி

சனி காலை ஒரு சமூக மன்ற அறை, அல்லது பக்கத்து இந்தோனேசியத் தீவான பாத்தாமில் ஓர் இரவு. தாள் ஒட்டி, பேனா எடுத்து, ஞாயிறு மாலைக்குள் திட்டம். செலவு குறைவு, உற்சாகம் அதிகம். ஒருவரையொருவர் அறியாத புதிய செயலவைக்கு இது நல்ல தொடக்கம், மறுக்கவில்லை.

திட்டம் வகுக்க இது போதாது. ஒன்றரை நாளில் எண்களைப் பார்க்க நேரம் இருக்காது, ஆகவே பேச்சில் வல்லவர் சொல்வதே எண்ணாகிவிடும். பட்டியலில் புதியவை சேரும், பழையது எதுவும் விலகாது. தலைவரின் கருத்து முதலிலேயே வந்துவிட்டால் மற்றவர்கள் அதைச் சுற்றியே பேசுவார்கள். பயனாளிகள் யாரும் அந்த அறையில் இருக்க மாட்டார்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் தீபாவளி நிகழ்ச்சி வேலை தொடங்கியதும் அந்தத் தாள்கள் சுருட்டியபடியே செயலாளர் வீட்டு அலமாரிக்குப் போகும்.

பணிக்குழு

நான் பரிந்துரைக்கும் வழி இதுதான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏழு பேர் போதும். செயலவையிலிருந்து இருவர், அவர்களோடு பொருளாளர் கட்டாயம். செயலவையில் இல்லாத, முப்பத்தைந்து வயதுக்குக் கீழுள்ள தொண்டூழியர் இருவர். முன்னாள் செயலவை உறுப்பினர் ஒருவர். பயனாளிகளில் ஒருவர், துணைப்பாட வகுப்பு நடத்தினால் ஒரு பெற்றோர். தலைவர் இதில் உறுப்பினராக இருக்க வேண்டாம். மாதம் ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும். அவர் அறையில் இருந்தால் இளையர்கள், "சரிங்கண்ணே" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இவர்களுக்கு ஒரு பக்க ஆணை எழுத்தில் வேண்டும். என்ன கேள்விகளுக்கு விடை தேட வேண்டும், எந்தத் தேதிக்குள், எவ்வளவு செலவு செய்யலாம், எதை முடிவு செய்யும் அதிகாரம் இல்லை என்பவை அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம். பணிக்குழு பரிந்துரைக்கும், முடிவெடுப்பது செயலவை. இந்த வரி எழுதப்படாவிட்டால் இரண்டாம் மாதமே, "அவர்கள் தனிச் செயலவை நடத்துகிறார்கள்" என்ற பேச்சு கிளம்பும். ஆண்டுப் பொதுக்கூட்டத் தேர்தல் நெருங்கும் காலமானால் பணிக்குழுவே ஓர் அணியாகப் பார்க்கப்படும். இந்த வழியின் உண்மையான ஆபத்து அதுவே.

இரண்டு நாளைக்கு மட்டும், கலந்துரையாடலை வழிநடத்த வெளியிலிருந்து ஒரு நெறியாளரை அமர்த்துங்கள். தொடக்கத்தில் ஒரு நாள், கடினமான தேர்வுகளைச் செய்யும்போது ஒரு நாள். முழு ஆலோசனைக்கும் இதற்கும் செலவில் பெரிய இடைவெளி உண்டு. வெளியாளின் துணிச்சல் நமக்குத் தேவைப்படும் இடங்களும் இந்த இரண்டுதான். தொழில்முறைத் திறனைத் தொண்டூழியமாகத் தருபவர்களைத் தேடுவதும் இங்கே கடினமில்லை. கிவிங் டாட் எஸ்ஜி தளத்தில் தொண்டூழிய வாய்ப்புகளைப் பதியலாம். நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களைத் திறன்சார்ந்த தொண்டுக்கு அனுப்புகின்றன. நிதி, சட்டம், மின்னிலக்கத் துறைகளில் தமிழ் பேசும் நடுவயதினர் நிறையப் பேர் இருக்கிறார்கள். செயலவையில் சேரச் சொன்னால் தயங்குவார்கள், "நான்கு மாதம், ஆறு கூட்டம்" என்றால் வருவார்கள். அவர்களில் சிலர் அடுத்த தேர்தலில் செயலவைக்கும் வருவதைப் பார்த்திருக்கிறேன். வேறு எந்த வழியும் தராத பலன் இது.

பணிக்குழுவின் முதல் வேலை, ஒவ்வொரு நடவடிக்கைக்கும் ஒரு தாள் எழுதுவது. தாளில் நான்கே கேள்விகள். யார் வருகிறார்கள்? உண்மையில் என்ன செலவாகிறது? இதை வேறு யார் செய்கிறார்கள்? நிறுத்தினால் யாருக்கு என்ன இழப்பு?

உண்மையான செலவு என்பதில் தொண்டூழியர் நேரத்தையும் எழுத வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. ஆண்டு விருந்து, 40 மேசை, 400 பேர், தலைக்கு 100 வெள்ளி. வரவு 40,000. விளம்பரமும் ஆதரவும் 15,000. மேசைக்கு 900 வெள்ளி வீதம் உணவுக்கு 36,000, கலைஞர், ஒலி, அச்சு எல்லாம் சேர்த்து 6,000. மிச்சம் 13,000 வெள்ளி. பொருளாளர் அறிக்கையில் இது வெற்றி. இனி நேரம். இருபது பேர் ஆளுக்கு 60 மணி நேரம் உழைத்தால் 1,200 மணி நேரம். அதே சங்கத்தின் சனிக்கிழமைத் துணைப்பாட வகுப்புக்கு ஆறு ஆசிரியர்கள், வாரம் இரண்டு மணி நேரம், 40 வாரம். மொத்தம் 480 மணி நேரம். ஓர் இரவு விருந்து, ஓர் ஆண்டு வகுப்பைப் போல இரண்டரை மடங்கு மனித உழைப்பை எடுத்துக்கொள்கிறது.

இந்தத் தாள் மேசைமேல் வந்ததும் பேச்சு மாறும். "விருந்தை நிறுத்தினா உறுப்பினர்களே வரமாட்டாங்க, குடும்பம் குடும்பமாச் சந்திக்கிற ஒரே நாள் அதுதானே" என்று ஒரு மூத்த அக்கா சொல்வார். அவர் சொல்வது சரி. பொருளாளர் சொல்வதும் சரி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விருந்து, இடைப்பட்ட ஆண்டில் சமூக மன்றத்தில் எளிய ஒன்றுகூடல் என்ற இடத்துக்கு அந்தப் பேச்சு போய்ச் சேரலாம், வேறு எங்காவதும் போகலாம். எங்கே போனாலும் எண்ணைப் பார்த்தபின் அவர்களே எடுத்த முடிவு அது. அடுத்த ஆண்டு யாராவது, "ஏன் விருந்து இல்லை?" என்று கேட்டால் அந்த அக்காவே விளக்குவார். ஆலோசகரின் அறிக்கையில் இதே பரிந்துரை வந்திருந்தால் அதை விளக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

மூன்றாவது கேள்வி, வேறு யார் செய்கிறார்கள் என்பது, நம் அமைப்புகள் அதிகம் தவிர்க்கும் கேள்வி. 1991இல் தொடங்கிய, இந்தியச் சமூகத்துக்கான சுய உதவி அமைப்பான சிண்டா தீவெங்கும் பல நிலையங்களில் குறைந்த கட்டணத்தில் துணைப்பாட வகுப்புகளை நடத்துகிறது. அதே வட்டாரத்தில் சிறு சங்கம் ஒன்று அதே பாடங்களை எடுத்தால், அதற்குத் தனிக் காரணம் வேண்டும். காரணம் இருக்கலாம். பெரிய வகுப்பில் பேசாத பிள்ளை ஐந்து பேர் கொண்ட வகுப்பில் பேசலாம். தமிழ்ப் பாடத்துக்கு மட்டும் உதவி தேவைப்படலாம். தாள் அந்தக் காரணத்தைக் கேட்கிறது, பதில் கிடைத்தால் வகுப்பு முன்னைவிடத் தெளிவான உருவம் பெறும். ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கும் மாதத்தில் ஒரே மாலையில் மூன்று அமைப்புகள் ஒரே வகைப் பேச்சுப்போட்டியை நடத்துவதற்கும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

ஐபிசி தகுதியை நாடுவதா என்பதும் இந்தக் கட்டத்தில் வர வேண்டிய கேள்வி. கொடையாளருக்கு 250 விழுக்காட்டு வரிக்கழிவு கிடைப்பதால் நிதி திரட்டல் எளிதாகும். ஆனால் ஐபிசி பொதுவாக இன, சமய அடிப்படையில் ஒரு பிரிவினருக்கு மட்டும் என்றில்லாமல் சிங்கப்பூர்ச் சமூகம் முழுமைக்கும் பயன்தர வேண்டும். தகுதியும் குறிப்பிட்ட காலத்துக்கே, பிறகு புதுப்பிக்க வேண்டும். நம் முதியோர் நடவடிக்கையை வட்டாரத்தில் உள்ள எல்லா இனத்தவருக்கும் திறந்துவிட நாம் தயாரா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். வரிக்கழிவைப் பார்த்துத் தொடங்கி, நோக்கத்தை அதற்கேற்ப வளைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

இவ்வளவுக்கும் ஆளே இல்லாத மிகச் சிறிய அமைப்புகள் உண்டு. அவர்கள் வரவுசெலவுத் திட்டத்தோடு ஒரு பக்கம் சேர்த்து, ஆண்டுதோறும் ஒன்றைக் கூட்டி ஒன்றை விட்டால் போதும். தனி ஆவணம் தேவையில்லை.

செயலவையை எந்த இடத்தில் ஈடுபடுத்துவது

யார் எழுதினாலும் செயலவை ஈடுபடாத திட்டம் நிற்காது. இங்கேயும் தேர்வுகள் உண்டு. எழுதி முடித்துக் கடைசியில் ஒப்புதலுக்கு வைப்பது ஒன்று. ஒவ்வொரு வரைவையும் எல்லாருக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்பது இன்னொன்று. முதலாவதில் பத்து நிமிடத்தில் ஒப்புதல் கிடைக்கும், யாரும் படித்திருக்க மாட்டார்கள். இரண்டாவதில் வாட்ஸ்அப் குழு நிரம்பும், வரைவு நகராது. மூன்று இடங்களில் முழு நேரம் கொடுப்பதே சரி என்று நினைக்கிறேன். எந்தக் கேள்விகளுக்கு விடை வேண்டும் என்று தொடக்கத்தில், எதை விடுவது என்று நடுவில், கடைசியில் ஒப்புதலின்போது. நடுவில் உள்ளதற்குத் தனிக் கூட்டமே வேண்டும்.

கேள்வி கேட்காத வாரியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த ஊர் 2005இல் பார்த்தது. தேசியச் சிறுநீரக அறநிறுவனம் பணத்தைச் செலவிட்ட விதம் பற்றிய விவகாரம் நீதிமன்றத்தில் வெளிவந்து, அந்த ஆண்டு ஜூலையில் அதன் தலைமை நிர்வாகியும் வாரியமும் விலகினார்கள். வாரியத்தின் மேற்பார்வை போதாமல் அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்ததைப் பின்னர் வெளியான தணிக்கை அறிக்கை சுட்டியது. இரண்டு ஆண்டில் ஆளுகை நெறிமுறை வந்ததற்கு அதுவும் ஒரு பின்னணி. நம் சங்கங்கள் மிகச் சிறியவைதான். ஆனால் தலைவர் ஒருவரே எல்லாவற்றையும் அறிந்தவராகவும் மற்றவர்கள் அவரை நம்பித் தலையசைப்பவர்களாகவும் இருக்கும் அமைப்பு சிறிய சங்கத்திலும் அப்படியே உருவாகும்.

உங்கள் கடைசிக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இப்படி இருக்கும். சென்ற கூட்டக் குறிப்பை ஏற்றல். கடிதங்கள். பொருளாளர் அறிக்கை. வரும் நிகழ்ச்சி: மேசை ஒதுக்கீடு, டி-சட்டை நிறம், மேடை அலங்காரம், பேருந்து ஏற்பாடு. உறுப்பினர் விண்ணப்பம். இதர. மூன்றாண்டுத் திட்டம் "இதர"வின்கீழ், இரவு பத்து மணிக்கு, பாதிப் பேர் கடைசி எம்ஆர்டி ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வரும். இதைத் தலைகீழாக்குங்கள். திட்டம் முதல் உருப்படி, நாற்பது நிமிடம். டி-சட்டை நிறத்தை நிகழ்ச்சிக் குழு முடிவு செய்யட்டும், எழுத்தில் தகவல் வரட்டும். எனக்குத் தெரிந்தவரை செயலவையின் ஈடுபாட்டை இந்த ஒரு மாற்றம் உயர்த்தும் அளவுக்கு எந்தப் பயிலரங்கும் உயர்த்தியதில்லை.

காலாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு இலக்கையும் அதற்குப் பொறுப்பான செயலவை உறுப்பினரே வாசிக்க வேண்டும். செயலாளர் எல்லாருக்காகவும் வாசிக்கக் கூடாது. தன் பெயர் எழுதிய இலக்கைப் பற்றி மற்றவர்கள் முன் பேச வேண்டும் என்றால் அந்த வாரமாவது அவர் அதை எடுத்துப் பார்ப்பார்.

மூன்றாண்டா, ஐந்தாண்டா

பெரும்பாலான சங்கங்களில் செயலவையின் தவணை ஓராண்டு அல்லது ஈராண்டு. சங்கங்களின் பதிவகம் தரும் மாதிரி அமைப்புவிதிப்படி, பொருளாளரைத் தவிர மற்றப் பொறுப்பாளர்கள் அதே பதவிக்கு அடுத்த தவணையிலும் தேர்வு பெறலாம். பொருளாளர் முடியாது. அறநிறுவன நெறிமுறையும் பொருளாளர் பதவியைத் தொடர்ச்சியாக நான்கு ஆண்டுக்குமேல் ஒருவர் வகிப்பதை ஏற்பதில்லை. நியாயமான விதி. ஆனால் இதன் விளைவாக, எண்களைத் தாளில் எழுதிய மனிதர் திட்டத்தின் நடுவிலேயே மாறிவிடுவார். ஐந்தாண்டுத் திட்டமானால் இரண்டு மூன்று கை மாறும். மூன்றாண்டே போதும் என்று நான் சொல்வதற்கு இதுதான் முதன்மைக் காரணம். துணைப் பொருளாளரைப் பணிக்குழுவிலும் சேர்த்துக்கொண்டால் தொடர்ச்சி அறுபடாது.

சொந்தக் கட்டடம், நீண்டகாலக் குத்தகை, பெரிய நிதித் திட்டம் இருப்பவர்கள் ஐந்தாண்டு எழுதலாம். அவர்களும் முதல் இரண்டு ஆண்டுகளை மட்டும் விரிவாக எழுதுவது நல்லது.

புதியவர்களைத் தேட வேண்டிய நிலையில் இருந்தால், லாபநோக்கற்ற அமைப்புகளுக்கு வாரிய உறுப்பினர்களைப் பொருத்தித் தரும் போர்ட்மேட்ச் என்ற சேவை லாபநோக்கற்ற தலைமைத்துவ நிலையத்தில் இருக்கிறது. சங்கத்தில் செயலவை தேர்தலால் அமைவதால், வெளியிலிருந்து வருபவரை முதலில் உறுப்பினராக்கியோ நியமன உறுப்பினராகவோதான் கொண்டுவர முடியும். உங்கள் அமைப்புவிதி நியமனத்துக்கு இடம் தருகிறதா என்று பாருங்கள். விதியைத் திருத்த வேண்டுமானால் பொதுக்கூட்டமும் பதிவகத்தின் ஒப்புதலும் வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும்.

எப்போது தொடங்குவது

நிதியாண்டு டிசம்பரில் முடியும் சங்கமாக வைத்துக்கொள்வோம். ஜனவரியில் பொங்கல், ஏப்ரலில் தமிழ்மொழி விழா, அக்டோபர் நவம்பரில் தீபாவளி. அறநிறுவனமானால் நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள், அதாவது ஜூன் இறுதிக்குள், ஆண்டறிக்கையும் கணக்கும் ஆணையருக்குப் போக வேண்டும். பொருளாளரும் செயலாளரும் அதுவரை வேறு எதையும் தொட மாட்டார்கள். ஆகவே பணிக்குழுவின் ஆணையை மே மாதக் கூட்டத்தில் நிறைவேற்றுங்கள். ஜூன் பள்ளி விடுமுறையில் பலர் ஊரில் இருக்க மாட்டார்கள், அந்த மாதத்தில் இளைய உறுப்பினர்கள் பயனாளிகளிடமும் விலகிப்போனவர்களிடமும் தொலைபேசியில் பேசட்டும். ஜூலையில் நடவடிக்கைத் தாள்கள். ஆகஸ்டில் தேசிய தினம் முடிந்த வாரயிறுதியில் நெறியாளரோடு செயலவையின் தனிக் கூட்டம், எதை விடுவது என்ற ஒரே உருப்படியோடு. செப்டம்பரில் வரைவு, தமிழில் இரண்டு பக்கமும் ஆங்கிலத்தில் இரண்டு பக்கமும். தீபாவளி வேலை முழுவீச்சில் தொடங்குமுன் அக்டோபர் முதல் வாரத்தில் செயலவை ஒப்புதல், அதே கூட்டத்தில் அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டமும் அதற்கேற்றபடி. விட முடிவு செய்த நிகழ்ச்சியின் நிதி ஒதுக்கீடு அந்தப் பட்டியலில் இன்னும் இருந்தால், ஒப்புதலைத் தள்ளிவையுங்கள்.